அம்மா பிடுங்கிப்போட்ட செடி

"கெழக்கால வரிசையில ஒரு செடி மட்டும் மஞ்சளா நின்னுச்சு கண்ணு. தேமல் வந்துட்டா எல்லாத்துக்கும் ஒட்டிக்குமில்ல, அதான் புடுங்கி வரப்புல வீசிட்டேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவை உக்கடத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அம்மா போனில் இதைச் சொன்னாள். காய்கறி விலை, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, அப்புறம் இது. எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. அந்த ஒரு செடிக்காகத்தான் நான் வாரம் தவறாமல் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பாசிப்பயறில் மஞ்சள் தேமல் என்பது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். கண்டவுடன் பிடுங்கிவிடு என்றுதான் வேளாண் அலுவலகமான கிருஷி பவன் கூட்டத்திலும் சொல்வார்கள். அம்மா யாரும் சொல்வதற்கு முன்பிருந்தே அதைச் செய்கிறாள். வயலில் நடக்கும்போது அவள் கண்ணுக்கு நன்றாக இருக்கும் செடி படாது. குட்டையாக நிற்பது, இலை சுருண்டது, நிறம் மாறியது, வேறு ரகம் கலந்தது, இதெல்லாம்தான் படும், பட்டவுடன் கையும் போய்விடும். நானும் அதே மாதிரிக் கண்ணோடுதான் அந்த வயலில் இறங்குவேன். மாறி நிற்கும் செடி ஒன்றாவது கிடைக்காதா என்றுதான் அந்தப் பயறையே விதைத்திருந்தேன்.

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். கேரளம்தான், பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் படகு வீட்டுப் படத்தில் வரும் கேரளம் இல்லை. மழை மறைவுப் பகுதி, கறுப்பு மண். ஆளியாற்றுத் தண்ணீர் மூலத்தரைத் தடுப்பணை வழியாக வந்தால் வெள்ளாமை, வராவிட்டால் இரண்டு மாநிலத்துக்கும் கடிதப் போக்குவரத்து. ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், ரேஷன் கடைச் சண்டை தமிழில் நடக்கும். நான் படித்தது தமிழ் மீடியம். ஊர்ப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொழிஞ்சிச் செடிதான் நினைவுக்கு வரும். தழையுரத்துக்காக மடக்கி உழுவார்களே, அது. அதுவும் பயறுக் குடும்பம்தான். வேர்முண்டைப் பற்றிப் படிக்கப் போனவளுக்கு இப்படி ஒரு ஊர் வாய்த்ததில் எனக்குச் சின்னதாக ஒரு கர்வம் உண்டு.

வேர்முண்டைப் பார்த்ததில்லை என்றால் ஒரு பயறுச் செடியைப் பிடுங்காமல், மண்வெட்டியால் ஒரு சாண் தள்ளி வெட்டி, மண்ணோடு தூக்கி வாளித் தண்ணீரில் வையுங்கள். பத்து நிமிடத்தில் மண் கரைந்துவிடும். வேரில் கடுகு, மிளகு அளவில் உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு, கொஞ்சம் அழுத்தினால் விரலில் ரத்தக்கறை மாதிரியே ஒட்டும். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம்தான் அந்தச் சிவப்பு. முண்டுக்குள் ரைசோபியம் பாக்டீரியா குடியிருக்கிறது. காற்றிலிருக்கும் நைட்ரஜனைச் செடி தின்னக்கூடிய வடிவத்துக்கு அது மாற்றித் தருகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு ஆக்ஸிஜன் ஆகாது, ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்ஸிஜன் வேண்டும். சிவப்புப் புரதம் ஆக்ஸிஜனைப் பிடித்துவைத்து அளந்து அளந்து கொடுக்கிறது. உள்ளே வெள்ளையாக இருந்தால் அந்த முண்டு வேலை செய்யவில்லை, பச்சையாக இருந்தால் வயதாகிவிட்டது.

இதில் பாதி அம்மாவுக்கே தெரியும். விதைக்கு முந்தைய நாள் ஆறிய கஞ்சியில் ரைசோபியம் பாக்கெட்டைக் கலந்து, விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்துவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். "யூரியா விழுந்த எடத்துல முண்டு வெக்காது" என்பது அவள் வாய்ப்பாடு. ஏன் வைக்காது என்று நான் கேட்டதற்கு, "சோறு வீட்லயே இருக்குதே, அப்பறம் எதுக்கு வாங்கித் திங்கோணும்?" என்றாள். பின்னால் ஆய்வுக்கட்டுரைகளில் நான் படித்ததும் சாராம்சத்தில் அதேதான்.

ஆனால் செடிக்கு அது எப்படித் தெரிகிறது? மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாவில் இது நம் ஆள் என்று வேர் எப்படி அடையாளம் காண்கிறது? இத்தனை முண்டு போதும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? செடிக்குள் பல்லாயிரம் மரபணுக்கள் இருக்கின்றன, எது எந்த வேலை என்று எதன்மீதும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

எங்கள் சின்ன மாமா கல்யாண வீடுகளில் எதுவும் செய்து யாரும் பார்த்ததில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஒரு கல்யாணத்துக்கு அவர் காய்ச்சலில் வரவில்லை. அன்றைக்குத்தான் சாமான் அறைச் சாவி, பந்திக்குப் போகிற தண்ணீர், சம்பந்தி வீட்டுக்காரர்களின் கோபம் மூன்றும் அவர் கையில் இருந்தது தெரிந்தது. மரபணு ஆய்வில் மியூட்டன்ட் செடிகளைக் கொண்டு செய்வது இவ்வளவுதான். ஒரு ஆளை வரவிடாமல் செய்துவிட்டு வீட்டில் என்ன நின்றுபோகிறது என்று பார்ப்பது. பாடப்புத்தகத்தில் சடுதிமாற்றம் என்று இருக்கும். ஆய்வகத்தில் எல்லோரும் மியூட்டன்ட் என்றுதான் சொல்வோம்.

யாரை வரவிடாமல் செய்வது என்று முன்கூட்டித் தெரியாதே. அதனால் ஆயிரக்கணக்கான செடிகளில் ஆளுக்கொரு இடமாகக் கெடுத்துவைத்துவிட்டு அப்புறம் தேடுவது வழக்கம். கெடுப்பதற்கு மூன்று வழிகள் அதிகம் பழக்கத்தில் இருக்கின்றன. விதையை இஎம்எஸ் என்ற ரசாயனக் கரைசலில் ஊறவைத்தால் டிஎன்ஏவில் இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுத்துப் பிழைகள் விழும், பெரும்பாலும் ஜி இருந்த இடத்தில் ஏ. காமா கதிரோ வேக நியூட்ரானோ பட்டால் எழுத்துப் பிழையோடு நிற்காது, சில நேரம் வரி வரியாகவே கிழிந்துபோகும். மூன்றாவது, குதிக்கும் மரபணு. டிஎன்ஏவில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் செருகிக்கொள்ளும் துண்டுகள். பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோளத்தில் கண்டுபிடித்து, பல வருடம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், கடைசியில் 1983-ல் நோபல் வாங்கிய விஷயம் இது. ஒரு மரபணுவுக்கு நடுவில் போய் இது உட்கார்ந்தால் அந்த மரபணு கெட்டுவிடும். கூடவே ஒரு வசதி, கெடுத்தவனின் கைரேகை அங்கேயே இருக்கும். அதன் டிஎன்ஏ வரிசை தெரிந்ததுதான் என்பதால், அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் என்ன இருக்கிறது என்று படித்துவிடலாம்.

எனக்குக் கிடைத்தது காமா கதிர். நான் வேலை பார்த்த இடத்தில் காமா கதிர் வீசும் கோபால்ட்-60 அறை இருந்தது, வயல்தான் இல்லை. பாசிப்பயறு விதைக்கு 400 கிரே (கதிரை அளக்கும் அலகு) கொடுத்து, முதல் தலைமுறையை அங்கேயே தொட்டிகளில் வளர்த்தோம். இரண்டாம் தலைமுறைக்கு இடம் கேட்டு நான் எழுதிய கடிதங்களுக்கு மூன்று மாதம் பதிலே வரவில்லை, சரி என்று மூட்டையை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். இரண்டாம் தலைமுறை ஏன் முக்கியம் என்றால், கதிர் பட்ட விதையில் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று கெட்டாலும் மற்றது சமாளித்துவிடும், முதல் செடியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்தச் செடி தனக்குத்தானே மகரந்தம் சேர்த்து விதை வைக்கும்போதுதான் சில பிள்ளைகளுக்கு இரண்டு பிரதியும் கெட்டதாகவே போய்ச் சேரும். ஆகவே முண்டு வைக்காத செடி ஒன்றைத் தேடி, ஒரு தாய்க்கு ஒரு வரிசை என்று 160 வரிசை விதைத்தேன்.

"கதிர் போட்ட வெதையா? தொட்டா ஒண்ணும் ஆகாதுங்களா?" என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வரப்பிலேயே நின்று கேட்டார். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தவரைத் தொடுவதில்லையா என்று கேட்டேன். விதையில் கதிர் தங்காது, அது போட்ட பிழைதான் தங்கும். அவர் நம்பினாரோ என்னவோ, அவருடைய ஆடு மட்டும் அந்தப் பக்கம் வரவில்லை. மயில்களுக்கு அந்தப் பயமும் கிடையாது. முளைவிட்ட முதல் வாரத்தில் முப்பது வரிசையைக் கொத்திவிட்டன. தேசியப் பறவை, கல்லெடுத்து எறியவும் முடியாது.

நான் 160 வரிசைக்குத் திண்டாடிக்கொண்டிருந்த அதே நேரத்தில் உலகத்தில் சிலர் இதைப் பெரிய அளவில் செய்து முடித்து, கவர் கவராகப் போட்டு அலமாரியில் அடுக்கியிருந்தார்கள். டென்மார்க்கில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் லோட்டஸ் ஜப்பானிக்கஸ் என்ற செடியில் 1,30,000-க்கும் மேற்பட்ட மியூட்டன்ட் குடும்பங்கள் இருக்கின்றன. பெயரைக் கேட்டு அம்மா தாமரை என்றே நினைத்துக்கொண்டாள். தாமரைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, மஞ்சள் பூப் பூக்கும் ஒரு சின்னப் பயறு இனம். அதற்குள்ளேயே லோர்-1 என்ற குதிக்கும் துண்டு உறங்கிக்கிடந்தது. திசு வளர்ப்பின்போது விழித்துக்கொண்ட அது, அதன்பின் பெரும்பாலும் மகரந்தத்தில் குதிக்கிறது. அதனால் செடியை வளர்த்து விதையெடுத்தாலே புதுப் புது மியூட்டன்ட்டுகள் கிடைத்துவிடும். அமெரிக்காவில் ஒக்லஹோமாவில் இன்னொரு சேகரிப்பு, மெடிக்காகோ ட்ரன்காட்டுலா என்ற இன்னொரு பயறு இனத்தில். அதற்குள் புகையிலையிலிருந்து எடுத்த குதிக்கும் துண்டை விட்டு 21,000-க்கும் மேல் வரிசைகள் உண்டாக்கியிருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் சராசரியாக இருபத்தைந்து இடங்களில் செருகல்.

இந்தச் சேகரிப்புகள் வந்தபிறகு கேள்வியையே தலைகீழாகப் போடலாம். முன்பெல்லாம் முண்டு வைக்காத செடியைக் கண்டுபிடித்துவிட்டு எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று வருடக்கணக்கில் தேடுவார்கள். இப்போது இந்த மரபணு கெட்ட செடி இருக்கிறதா என்று கணினியில் எண்ணைத் தட்டினால், இன்ன வரிசையில் இன்ன இடத்தில் என்று வந்துவிடும். விதை கேட்டு எழுதலாம். இறக்குமதி அனுமதி, நோய்ச் சோதனை எல்லாம் தாண்டி எங்களுக்கும் ஒரு முறை கவர் வந்தது. பெருங்காய டப்பி அளவு உறைக்குள் கடுகைவிடச் சின்ன இருபது விதைகள். உப்புத்தாளில் மேல்தோலைக் கொஞ்சம் தேய்த்து முளைக்கவைத்து, ஒவ்வொன்றிலும் இலைத் துணுக்கு கிள்ளி, பிசிஆர் என்ற டிஎன்ஏ சோதனை செய்து, எதில் இரண்டு பிரதியும் கெட்டிருக்கிறது என்று பிரித்தேன். நான்கு தேறியது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, அவசரக்காரர்கள் இதில்தான் விழுவார்கள். ஒரு வரிசையில் செருகல் ஒரு இடத்தில் மட்டும் இருக்காது. நாம் கேட்ட மரபணுவோடு இன்னும் சிலதும் கெட்டிருக்கும். செடி குட்டையாக இருப்பதற்கு யார் காரணம்? அதே மரபணு வேறு இடத்தில் கெட்ட இன்னொரு வரிசையும் அதே மாதிரி குட்டையாக இருக்க வேண்டும். இல்லை, நல்ல பிரதியைத் திரும்ப உள்ளே கொடுத்தால் செடி சரியாக வேண்டும். ஒற்றைச் சாட்சியை வைத்து எழுதிய கட்டுரைகளை நான் படிக்கும்போதே பென்சிலை எடுத்துவிடுவேன்.

இப்படிக் கெட்ட செடிகள் சொன்ன கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1989-ல் பிரான்சின் டிஜோனில் நடந்தது. முண்டு வைக்காத பட்டாணி மியூட்டன்ட்டுகளை வைத்திருந்தவர்கள், அதே வேர்களில் பூஞ்சை குடியேறுகிறதா என்றும் பார்த்தார்கள். நிலத்துத் தாவரங்களில் பெரும்பாலானவற்றின் வேரில் பாஸ்பரஸ் கொண்டுவந்து தரும் பூஞ்சை ஒன்று உண்டு, விஏஎம் என்று பாக்கெட்டில் விற்பார்களே, அது. சில மியூட்டன்ட்டுகளில் அதுவும் நுழையவில்லை! பூஞ்சை உறவு 40 கோடி வருடப் பழசு, முண்டு அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தது. பழைய விருந்தாளிக்கு வைத்திருந்த வாசற்கதவையே பயறுச் செடிகள் பாக்டீரியாவுக்கும் திறந்துவிட்டிருக்கின்றன என்பது அப்படித்தான் தெரியவந்தது. அந்தக் கதவின் இரண்டு கீல்களுக்கு, அதாவது இரண்டு மரபணுக்களுக்கு, லோட்டஸில் கண்டுபிடித்தவர்கள், காஸ்டர், போலக்ஸ் என்று இரட்டை நட்சத்திரங்களின் பெயரை வைத்தார்கள். நம் புனர்பூசம்தான் அது. இந்தத் துறையில் மரபணுவுக்குப் பெரும்பாலும் அது கெட்டால் என்ன ஆகுமோ அதையே பெயராக வைப்பார்கள். மெடிக்காகோவில் ஒன்றுக்குப் பெயர் 'தொற்றே உண்டாக்காதது'. வேலை செய்யாத பிள்ளையின் பெயரை வைத்துத் தகப்பனைக் கூப்பிடுகிற மாதிரி.

அம்மாவின் யூரியா வாய்ப்பாட்டுக்கும் விடை ஒரு மியூட்டன்ட்டிலிருந்துதான் வந்தது. 1985-ல் ஆஸ்திரேலியாவில் இஎம்எஸ் கொடுத்த சோயாவில் சில செடிகள், நைட்ரேட் நிறைய இருந்தும் முண்டு வைத்தன, அதுவும் வேர் தெரியாத அளவுக்கு. நிறுத்து என்று சொல்லும் ஆள் அங்கே வரவில்லை. அந்த ஆள் வேரில் இருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒட்டுக்கட்டிப் பார்த்தார்கள். மியூட்டன்ட்டின் தண்டை நல்ல வேரில் ஒட்டினால் முண்டு கட்டுக்கடங்காமல் வந்தது. நல்ல தண்டை மியூட்டன்ட் வேரில் ஒட்டினால் அளவாக வந்தது. கணக்குப்பிள்ளை மேலே, இலையில் உட்கார்ந்திருந்தார். வேரில் முண்டு தொடங்கியதும் ஒரு சின்னப் புரதத் துண்டு தண்டு வழியாக மேலே போகிறது, இலையில் இருக்கும் ஏற்பி அதைப் பிடித்துக்கொண்டு போதும் என்று கீழே தகவல் அனுப்புகிறது. அந்த ஏற்பியின் மரபணு லோட்டஸில் 2002-லும் சோயாவில் 2003-லும் பிடிபட்டது. லோட்டஸில் நானும் ஒட்டுக்கட்டியிருக்கிறேன். தையல் ஊசி கனத்தில் இருக்கும் தண்டை பிளேடால் சீவி, சிலிகான் குழாய்த் துண்டுக்குள் நுழைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு. நூற்றில் நாற்பது பிழைத்தால் அன்றைக்குப் பிரியாணி.

முண்டு அதிகம் என்றால் மகசூலும் அதிகம்தானே என்று எல்லோரும் கேட்பார்கள். இல்லை. அந்த மியூட்டன்ட்டுகள் குட்டையாக, நோஞ்சானாக நிற்கும். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கப் பதினாறு ஏடிபி (உயிரணுவுக்குள் புழங்கும் சக்திக் காசு) செலவு, அத்தனையும் இலை சமைத்த சர்க்கரையிலிருந்து போகிறது. முண்டு சும்மா கிடைப்பதில்லை.

பட்டாணியைச் சொல்லாமல் விட்டால் மெண்டல் கோபித்துக்கொள்வார். 1866-ல் அவர் அச்சிட்ட ஏழு குணங்களும் இயற்கையில் தானாக வந்த மியூட்டன்ட்டுகள்தான். அதில் ஒன்றான சுருங்கிய விதைக்குக் காரணம் 1990-ல் தெரிந்தது, மாவுச்சத்தைக் கிளை கிளையாகக் கட்டும் நொதியின் மரபணுவுக்குள் ஒரு குதிக்கும் துண்டு உட்கார்ந்திருந்தது. மாவாகாத சர்க்கரை தங்கிவிடுவதால் விதை தண்ணீரை இழுத்து உப்பி, காயும்போது சுருங்குகிறது. ஃப்ரோசன் பாக்கெட்டில் வரும் இனிப்புப் பட்டாணி இந்த வகை. கோயிலில் சுண்டல் செய்யும் உருண்டைப் பட்டாணி மற்ற வகை. ஏழில் கடைசி மூன்றுக்கு 2025-ல்தான் விடை வந்தது.

எங்கள் ஊர்க் கள்ளக்காயில், அதாவது நிலக்கடலையில், ஏன் இதைச் செய்யவில்லை என்று கேட்டால், அதற்குள் இரண்டு வெவ்வேறு காட்டுக்கடலைகளின் முழு மரபணுத் தொகுப்பும் சேர்ந்தே இருக்கிறது. ஒரு சின்ன மாமா வராவிட்டால் இன்னொரு சின்ன மாமா சாவியை எடுத்துக்கொள்வார். வேர்முண்டே வைக்காத கடலை கிடைத்தபோதும் அதில் இரண்டு மரபணுக்கள் சேர்ந்து கெட்டிருந்தன. ஆனால் ரகம் உண்டாக்க இது தடையாக இல்லை. மும்பை ட்ராம்பே அணு ஆராய்ச்சி மையத்தில் எக்ஸ்ரே கொடுத்து எடுத்த பெரிய பருப்புக் கடலை டிஜி-1 என்று 1973-ல் வெளிவந்தது. டிஏஜி-24 என்று கடலை போடுபவர்கள் சொல்வார்களே, அதுவும் அந்த வம்சம்தான்.

சரி, என் செடி. சனிக்கிழமை காலை வரப்பில் போய்த் தேடினேன். வாடிக் கிடந்தது. இலையில் தேமலின் திட்டுத்திட்டான மஞ்சள் இல்லை, செடி முழுக்க ஒரே சீரான வெளிர்மஞ்சள். வயலில் ஒரு பயறுச் செடிக்கு முண்டு இல்லையென்றால் நைட்ரஜன் பஞ்சத்தில் அப்படித்தான் வெளுக்கும். வேரைப் பார்த்தேன். ஒரு முண்டும் இல்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்புறம்தான் உறைத்தது, கறுப்பு மண்ணில் காய்ந்த நேரத்தில் செடியைப் பிடுங்கினால் முண்டு மட்டுமா, பாதி வேரே மண்ணில் தங்கிவிடும். பிடுங்கிய குழியைத் தோண்டினேன். எந்த முண்டு எந்தச் செடியுடையது என்று சொல்ல முடியாதபடி அக்கம்பக்கத்து வேர்கள் பின்னிக் கிடந்தன.

செடி போனாலும் அதன் உடன்பிறப்புகள் அதே வரிசையில் நின்றன. கெட்ட பிரதி ஒன்று மட்டும் வாங்கியவை பார்க்கப் பச்சையாகவே இருக்கும், ஆனால் அதன் பிள்ளைகளில் மஞ்சள் திரும்ப வரும். அந்த வரிசையில் மிச்சமிருந்த 19 செடிகளுக்கும் சிவப்பு நூல் கட்டினேன். "செவப்பு நூல் கட்டுனதத் தொடக்கூடாது" என்று மூன்று முறை சொன்னேன். "நான் என்ன சின்னப் புள்ளையா" என்றாள் அம்மா. ஒவ்வொன்றின் காயையும் தனித்தனி கவரில் எடுத்தேன். கணக்குப்படி பச்சையாக நிற்பவற்றில் மூன்றில் இரண்டு பங்கு மஞ்சளைச் சுமக்க வேண்டும். அடுத்த பட்டத்தில் மணல் தொட்டியில் விதைத்தபோது 19-ல் 7 குடும்பங்களில் மஞ்சள் தலைகாட்டியது. தாய்ச்செடியின் எல்லாக் கிளைகளிலும் அந்த மாற்றம் இருந்திருக்காது, அதனால் குறைவுதான் வரும்.

நாற்பதாம் நாள் மஞ்சள் செடி ஒன்றைத் தொட்டியோடு வாளியில் அமுக்கினேன். அம்மாவும் வந்து குனிந்து பார்த்தாள். மணல் கரைந்து இறங்க, வேர் முழுக்க முண்டு. கீறினால் நல்ல சிவப்பு. கெட்டிருந்தது இலைப் பச்சையம் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று. கதிர் போட்ட வயலில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் வகை அது. மற்ற வரிசைகளிலும் நான் தேடியது வரவில்லை.

"தேமலும் இல்ல, நீ தேடுனதும் இல்ல" என்றாள். "அப்பறம் எதுக்கு அதைய வேற கவருல போட்டு எழுதி வெக்கிற?"

பச்சையத்தைப் படிக்கிறவர்கள் யாராவது ஒரு நாள் கேட்பார்கள் என்றேன். நான் கேட்டேன் என்று டென்மார்க்கிலிருந்து ஒருவர் இருபது விதை அனுப்பவில்லையா? அம்மா கவரை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சும்மா போட்டா வண்டு வெச்சிரும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய், உலர்ந்த வேப்பிலை நாலு கொண்டுவந்து உள்ளே போட்டு மடித்துக் கொடுத்தாள்.